குடமும் கண்மாயும் கடலும்: கோடை வாசிப்புக்குச் சில நாவல்கள்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் என்னிடம் புத்தகம் கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் அக்காள் மகளுக்கு ஒன்று, மதியத் தூக்கம் பிடிக்காத பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு ஒன்று, பிள்ளைகளோடு ஊருக்குப் போகும் தோழிக்கு ரயிலில் படிக்க ஒன்று என்று ஆளுக்கு ஏற்றபடி எடுத்துக் கொடுப்பது என் வழக்கம். இந்த ஆண்டு என் அலமாரியிலிருந்து தண்ணீரைப் பற்றிய நாவல்களை மட்டும் பிரித்து ஒரு தட்டில் அடுக்கினேன். அடுக்கும்போது ஒரு விதியும் வைத்துக்கொண்டேன். ஆற்றங்கரை நிலவும் அலையோசையும் காதலர்களுக்குப் பின்னணியாக வந்துபோகும் கதைகள் அந்தத் தட்டில் ஏறவில்லை. தண்ணீரைச் சுமக்கிறவர்கள், பங்கு வைக்கிறவர்கள், அதன்மேல் தொழில் நடத்துகிறவர்கள், அதனிடம் வீட்டையும் நிலத்தையும் பறிகொடுத்தவர்கள் ஆகியோரின் கதைகளே ஏறின. தண்ணீர் ஒரு வேலையாக வரும் நாவல்தான் அதன் கனத்தை வாசகரின் தோளில் ஏற்றுகிறது என்பது பல கோடைகள் வாசித்தபின் நான் வந்துசேர்ந்த முடிவு.

முதலில் கையில் எடுக்க வேண்டியது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட சிறிய நாவல் இது. ஒரே மதியத்தில் படித்து முடித்துவிடலாம். சென்னையின் ஒரு தெருவில் குழாயில் தண்ணீர் வராமல் போன நாட்களில் கதை நடக்கிறது. சினிமா வாய்ப்பு என்ற ஆசையில் பாஸ்கர் ராவ் என்பவனிடம் தன் வாழ்க்கையை இழந்துகொண்டிருக்கும் ஜமுனா, அவள் தங்கை சாயா, அதே தெருவில் வசிக்கும் டீச்சரம்மா ஆகிய மூன்று பெண்களைச் சுற்றியே எல்லாம் நகர்கிறது. பஞ்சம் என்ற பெரிய சொல்லுக்கு ஆசிரியர் வேலையே கொடுப்பதில்லை. எந்த வீட்டுப் பம்பில் இன்னும் சொட்டுகிறது, யார் வீட்டுக் கதவைத் தட்டலாம், யார் முகம் கொடுத்துப் பேசுவார்கள் என்ற கணக்குகளிலேயே ஒரு நகரத்தின் வறட்சி முழுவதும் தெரிந்துவிடுகிறது. மனம் உடைந்து கிடக்கும் ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் மணவாழ்க்கையைச் சொல்லும் இடம் இந்த நாவலின் ஊற்றுக்கண். அழுகை கிடையாது, ஆறுதல் மொழிகளும் கிடையாது. ஒரு பெண் தான் பட்டதை இன்னொரு பெண்ணிடம் அப்படியே எடுத்து வைக்கிறாள், அவ்வளவுதான். ஆற்றின் பெயரைத் தாங்கிய ஒருத்தி ஒரு குடம் தண்ணீருக்கு அலைகிறாள் என்பது எனக்கு மூன்றாம் வாசிப்பில்தான் உறைத்தது.

அந்த மூன்றாம் வாசிப்பு நடந்தது 2019 ஜூன் மாதத்தில். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்த கோடை அது. எங்கள் தெருமுனைக்கு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால், இரவு பத்து மணிக்கே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஆளுக்கொரு படியில் உட்கார்ந்திருப்போம். குடங்கள் மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அடையாளம் இருக்கும். எங்கள் குடத்தில் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தேன். எதிர்வீட்டுக் குடத்தில் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் பொட்டு. தெருவிளக்கு வெளிச்சத்தில் நான் 'தண்ணீர்' படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் படியில் இருந்த அம்மாள் அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சா தண்ணி வந்துடுமா கண்ணு?" என்று கேட்டார். பத்துப் பக்கங்களை மெல்லிய குரலில் வாசித்துக் காட்டினேன். அவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஜமுனாவின் அம்மா எங்கே இருக்கிறாள் என்று மட்டும் விசாரித்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய கதை அந்தப் படிக்கட்டில் அன்றைய செய்தியாகவே இருந்தது.

'தண்ணீர்' என்ற அதே பெயரில் கந்தர்வன் எழுதிய சிறுகதையையும் கையோடு படித்துவிட வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கிணறுகள் உப்புக் கரித்துப்போன இராமநாதபுரம் சீமையின் ஒரு சிற்றூர். பயணிகள் ரயில் வந்து நிற்கும் சில நிமிடங்களில் பெண்கள் குடங்களோடு பெட்டிகளுக்குள் பாய்ந்து, கை கழுவும் குழாயிலிருந்து சிறிது சிறிதாகத் தண்ணீர் பிடிக்கிறார்கள். இந்திரா என்ற பெண் குடம் நிறையும்வரை இறங்க மனமில்லாமல் நிற்கிறாள், ரயில் புறப்பட்டுவிடுகிறது. ஊரே அவளைத் தேடுகிறது. அவள் எப்படித் திரும்பி வருகிறாள், இடுப்பில் என்ன இருக்கிறது என்பதை நான் சொல்லிவிட்டால் கதையின் உயிரை எடுத்தவன் ஆவேன். 2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது டேங்கர் பெட்டிகளில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தபோது, தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்த எனக்கு இந்திராவின் நினைவுதான் வந்தது.

பட்டியலில் நான் அதிக நேரம் செலவிட்டதும், மற்றவர்களுக்கு வற்புறுத்திக் கொடுப்பதும் சோ. தர்மனின் 'சூல்'. 2016இல் வெளிவந்து, 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற நாவல். எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்ட உருளைக்குடி என்ற கரிசல் ஊரும் அதன் கண்மாயும்தான் இதன் நாயகர்கள். உருளைக்குடி ஆசிரியரின் சொந்த ஊர். அந்த நெருக்கம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. கோடையில் கண்மாய் வற்றியதும் ஊர் கூடி வண்டல் அள்ளி வண்டிகளில் நிலத்துக்குக் கொண்டுபோகும் வேலையை இந்த நாவல் ஒரு திருவிழாவைப் போல விரித்துக் காட்டுகிறது. அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு என் தாத்தாவின் மாட்டுவண்டி நினைவுக்கு வந்தது. என் ஊரும் விருதுநகர் மாவட்டத்துக் கண்மாய்க்கரை ஊர்தான். கண்மாயின் உள்வாயில் வெடித்துக் கிடக்கும் கரம்பையைக் கடப்பாரையால் நெம்பினால் அது பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும்; மேலே சாம்பல் நிறம், அடியில் ஈரத்தோடு கருப்பு. அதை ஒரு வண்டி நிலத்தில் தட்டினால் உரத்துக்கு அலைய வேண்டாம் என்பார் தாத்தா. நிலத்துக்கு உரம் கிடைத்தது, கண்மாய்க்கு ஆழம் கிடைத்தது. ஒரே வேலையில் இரண்டு பயன் பார்த்த அந்த ஏற்பாட்டுக்குக் குடிமராமத்து என்று பெயர். அந்தச் சொல் அரசு விளம்பரங்களில் மட்டும் தெரிந்தவர்களுக்கு, அது நடந்த விதத்தை உடம்போடு உணர்த்துகிறது 'சூல்'.

நீர்பாய்ச்சி என்ற மனிதரை இந்த நாவலில் சந்திக்காதவர்கள் தவறவிடுவது பெரிது. மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது, கடைமடைக்காரனுக்குக் கிடைத்த பின்தான் தலைமடைக்காரன் இரண்டாம் தண்ணீர் கேட்கலாமா கூடாதா என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் அவர். என் ஊரில் நான் பார்த்த நீர்பாய்ச்சியின் கையில் மண்வெட்டி ஒன்றுதான் இருந்தது. ஆனால் அவர் சொல்லை மீறிப் பெரிய வீட்டுக்காரர்கள்கூட வரப்பை வெட்டியதில்லை. மழைக்காலத்தில் கண்மாய் பெருகி மறுகால் பாயத் தொடங்கினால், மிகை நீர் வழிந்தோடும் கலிங்கின் மேல் நட்டு வைத்த கற்களுக்கிடையில் அடைத்திருக்கும் மண்ணையும் பலகையையும் எந்த அளவுக்கு வந்ததும் எடுப்பது என்பதும் அவர் கண் அளவுதான். ஓர் அடி பிசகினால் கரை உடையும். ஓர் அடி முந்தினால் கோடைக்குத் தண்ணீர் இருக்காது. பொறியியல் என்று பெயர் வைக்காத இந்த அறிவையும், அதைச் சுற்றி வளர்ந்த சாமிகளையும் கதைகளையும் கேலிகளையும் சோ. தர்மன் ஒன்றாகப் பின்னியிருக்கிறார். நாவலில் வரும் மீன்களும் பறவைகளும் மரங்களும் ஊர்க்காரர்களுக்கு இணையான பாத்திரங்கள். தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது: மேகமும் மீனும் நெற்பயிரும் பெண்ணும் கருக்கொள்வதைச் சொல்லத் தமிழ் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். விடுதலைக்குப் பிறகு கண்மாயின் பொறுப்பு ஊரின் கையிலிருந்து அரசுத் துறைகளின் கைக்குப் போய், அது சீரழிவதைச் சொல்லும் பிற்பகுதியில் நாவலின் குரல் மாறிவிடுகிறது. முற்பகுதியில் பாத்திரங்கள் வாழ்ந்து காட்டியதைப் பிற்பகுதியில் ஆசிரியர் தாமே முன்வந்து வாதிடுகிறார். ஜமீன் காலத்து ஒழுங்கு கண்மாயைக் காத்தது என்பது உண்மை. அந்த ஒழுங்குக்குள்ளேயே சாதியின் படிக்கட்டும் இருந்தது என்பதை நாவல் இன்னும் துணிவாகத் தோண்டியிருக்கலாம் என்பது என் கருத்து. இருந்தும், தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கில் படித்துக் கடந்துபோகும் நமக்கு, அவற்றுள் ஒன்று எப்படிப் பிறந்து, எப்படி ஊரை வளர்த்து, எப்படிச் செத்தது என்று இவ்வளவு விரிவாகச் சொன்ன வேறொரு நாவல் எனக்குத் தெரியாது. தடித்த புத்தகம்தான், பாதியில் அலுப்புத் தட்டினால் இரண்டு நாள் விட்டுவிட்டுத் தொடரலாம், கதை காத்திருக்கும்.

'சூல்' தண்ணீரை இழந்த ஊரின் கதை என்றால், வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' தண்ணீரால் அழிந்த ஊரின் கதை. ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2003ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காகத் தங்கள் மண்ணை விட்டு வெளியேற்றப்பட்டவர்களைப் பேயத்தேவர் என்ற ஒரு முதியவரின் உடலிலும் பிடிவாதத்திலும் நிறுத்திக் காட்டுகிறது. பாறையோடு மல்லுக்கட்டிக் கிணறு தோண்டும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குடம் தண்ணீருக்காகப் பூமியைக் குடைந்த மனிதர்களை, பின்னால் ஓர் ஆற்றின் தண்ணீரே வந்து மூடுகிறது என்பதில் ஒரு காவியத்தின் கொடுமை இருக்கிறது. கவிஞரின் உரைநடை ஆதலால் உவமைகள் சில இடங்களில் கதையை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை விலக்கிக்கொண்டு உழைப்பின் விவரங்களைப் பின்தொடர்ந்தால் நல்ல வாசிப்பாக அமையும்.

இனிக் கடல். இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படிப்பது நல்லது: வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு'. முன்னது 1970களில் எழுதப்பட்டது, மெலிந்த நூல். மணப்பாட்டுப் பரதவர் வாழ்வைப் பிலோமி என்ற இளம்பெண்ணின் காதலின் ஊடாகச் சொல்கிறது. மரப்படகான வல்லத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்கும் விசைப்படகான லாஞ்சிகளில் போகிறவர்களுக்கும் இடையே மூளும் பகை அந்தக் கரையை இரண்டாகப் பிளக்கிறது. வல்லத்தை விற்க மனம் வராத பிலோமியின் அப்பச்சி குரூஸ் மிக்கேலை என்னால் மறக்க முடியவில்லை. அவருக்கு அந்த வல்லம் வெறும் பலகை அன்று, இன்னொரு பிள்ளை. இத்தனை வன்மமும் துரோகமும் நடக்கிற ஊரில் யாரையும் வெறுக்க விடாமல் வாசகரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற பரிவு வண்ணநிலவனுக்கே உரியது. காதல் கதை படிக்க விரும்பும் இளையவர்களுக்கு நான் இதைத்தான் கொடுக்கிறேன்.

2004இல் வந்த 'ஆழி சூழ் உலகு' வேறு வகை. உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் உள்ளிருந்து எழுதிய நாவல் இது. கடலில் திசை தப்பிய மூன்று பேரின் போராட்டத்தையும், ஆமந்துறை என்ற கடலோர ஊரின் பல பத்தாண்டு வரலாற்றையும் மாற்றி மாற்றிச் சொல்கிறது. ஒரு பக்கம் கரையில் பிறப்பும் கல்யாணமும் கொலையும் கோயில் சண்டையும் நடந்துகொண்டே இருக்க, மறுபக்கம் உப்பு நீரில் உடல் வெளுத்து, தாகத்தில் நா வறண்டு மூன்று உயிர்கள் மிதக்கின்றன. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க ஒரு துளி இல்லாத அந்தப் பக்கங்களைச் சித்திரை மாத மதியத்தில் படித்தபோது எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து தொடர்ந்தேன். இந்த நாவலில் புதிய வாசகருக்கு இடறுவது மொழி. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் மீனுக்கும் பரதவர் வைத்திருக்கும் சொற்கள் விளக்கமின்றி வந்து விழும்; உறவுப் பெயர்களும் பட்டப்பெயர்களும் குழப்பும். முதல் ஐம்பது பக்கங்களுக்கு இந்தத் திணறல் இருக்கும். ஒவ்வொரு சொல்லையும் பிடித்து நிறுத்தாமல் போனால், வாடை எது, கச்சான் எது என்று காற்றே சொல்லிக் கொடுத்துவிடும். அதே ஆசிரியரின் 'கொற்கை'க்கு 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தூத்துக்குடித் துறைமுகத்தையும் தோணித் தொழிலையும் பற்றிய பெரிய நூல். ஆனால் தொடங்குவதற்கு 'ஆழி சூழ் உலகு'தான் சரி.

கடல் நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் காயவைப்பவர்களின் கதைகளையும் விட்டுவிடக் கூடாது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடையே தங்கிப் பார்த்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்', வேதாரண்யம் பகுதி உப்பளங்களைப் பற்றிச் சு. தமிழ்ச்செல்வி எழுதிய 'அளம்' ஆகிய இரண்டும் சமையலறை அடுக்கில் இருக்கும் உப்பு ஜாடியை வேறு கண்ணோடு பார்க்க வைப்பவை. நமக்கு வீட்டுக்குள் ஒதுங்கச் சொல்லும் வெயில் அவர்களுக்கு வேலை நேரம்.

புதிய நூல்கள் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இரண்டைச் சொல்கிறேன். மு. ராஜேந்திரனின் 'காலா பாணி', 2022ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. காளையார்கோவில் போருக்குப் பின் சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவரோடு பிடிபட்டவர்களையும் 1802இல் ஆங்கிலேயர் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடுகடத்திய வரலாறு இதன் கரு. கடல் இங்கே சிறைச் சுவராக நிற்கிறது. வரலாற்றுத் தகவல்களின் அடர்த்தி சற்று மிகுதி என்றாலும், வரலாறு விரும்பும் பெரியவர்களுக்கு ஏற்றது. மற்றொன்று தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023ஆம் ஆண்டுக்கான விருது இதற்கு. தலைப்பைப் பார்த்து ஆற்று நாவல் என்று வாங்கிவிட வேண்டாம். ஆற்று நீரின் வழியே போகும் மிதவையைப் போல உயிரும் முறைவழியே போகும் என்று கணியன் பூங்குன்றனார் புறநானூற்றில் பாடிய பாட்டிலிருந்து வந்த தலைப்பு அது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பத்தின் காரு மாமா என்ற மனிதரின் சாவும் வாழ்வும்தான் கதை. என் விதிப்படி இது தட்டில் ஏறக் கூடாது. ஆனாலும் ஏற்றினேன், ஏனென்றால் இழப்பையும் வறுமையையும் இவ்வளவு அமைதியாகச் சொன்ன புதிய தமிழ் நாவல்கள் குறைவு.

கடல் கடந்து ஒன்று: இலங்கையின் வன்னியில், தண்ணிமுறிப்பு என்ற குளக்கரை ஊரில் நடக்கும் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. 1970களின் நாவல், குளமும் காடும் வயலும் மட்டுமே உலகமாக வளர்ந்த பதஞ்சலி என்ற பெண்ணின் கதை. ஈழத்துப் பேச்சு வழக்கு பத்துப் பக்கங்களில் பழகிவிடும். பழைய நூல் ஆகையால் கடையில் உடனே அகப்படாது. நூலகத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

யாருக்கு எதை என்ற கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். அக்காள் மகளுக்குக் 'கடல்புரத்தில்' கொடுத்தேன். ஒரே இரவில் முடித்துவிட்டு 'ஆழி சூழ் உலகு' கேட்டு வந்தாள். பக்கத்து வீட்டு ஆசிரியர் 'சூல்' வாங்கிப் போய் மூன்று வாரம் ஆகிறது. மாலையில் வாசலில் சந்திக்கும்போதெல்லாம் தன் ஊர்க் கண்மாயின் மடைகளை விரல்விட்டு எண்ணிச் சொல்கிறார், புத்தகம் திரும்பி வரும் அறிகுறி இல்லை. ரயிலில் போகிற தோழிக்கு இரண்டு 'தண்ணீர்'களையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மானாமதுரையைத் தாண்டும்போது கந்தர்வனைப் பிரித்துப் படி என்று சொல்லி அனுப்பினேன்.